கவிழ்ந்த ஷூ

சிந்துஜாவின் வீட்டு வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கவிழ்ந்து கிடந்தது. கழுவி, அரைச்சுவரின் மேல் வெயிலுக்கு வைத்திருந்தாள்.

விஷ்ணுப்ரியா நிமிர்த்தி வைக்கக் கை நீட்டினாள். வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று சொல்லியே வளர்த்திருந்தார்கள். நம்பிக்கை இல்லை. கைப்பழக்கம்தான். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்ததால் வலது கையால் ஒன்றை எடுத்தாள்.

திருப்பும்போது அடிப்பாகம் கண்ணில் பட்டது.

மென்மையான ரப்பர். பாதத்தின் முன்பகுதி பதியும் இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகக் குழிகள். பெடலின் சின்ன இரும்பு முனைகள் குத்திக் குத்தி உண்டான குழிகள்.

அவளுடைய ஷூவின் அடி இப்படி இருக்காது. அது அவளுக்கு மனப்பாடம். சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டியான நுரை. மேலே வழவழப்பாக அலைக்கோடுகள்.

இருவரும் மலேசியாவின் கிள்ளானில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். விஷ்ணுப்ரியாவுக்கு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை சைக்கிள், பிறகு ரயில். இடையில் ஷூ மாற்ற முடியாது. பெடலில் நிற்கிற ஷூவோடுதான் நாள் முழுக்க கிளினிக்கிலும் நிற்க வேண்டும். அப்படி ஒன்றைத்தான் சிந்துஜாவிடம் கேட்டாள். சிந்துஜா ஆன்லைனில் ஷூ விற்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவளோடு சைக்கிள் ஓட்டுபவள்.

“இத போடு டி. கிளினிக்குக்கும் ஆச்சு, பெடலுக்கும் ஆச்சு. நானே இதத்தான் போடுறேன். பழசத் தூக்கிப் போட்டுட்டேன்.”

பழையதும் கறுப்பு, புதியதும் கறுப்பு. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விஷ்ணுப்ரியா நம்பினாள்.

விழுந்தது மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்ட் கிள்ளான் சாலை. சிந்துஜா முன்னால், இவள் பின்னால். பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது வலது கால் பெடலை விட்டு நழுவியது. பின்னால் லோரி பிரேக் போட்டது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, “தங்கச்சி, உசிரு இருக்கா?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் சிந்துஜா பக்கத்திலேயே இருந்தாள்.

“நீ குதிகால்ல மிதிக்கிற டி. எத்தனவாட்டி சொல்லிருக்கேன்? அதுக்கு ஷூ என்ன பண்ணும்?”

அதையும் நம்பினாள்.

அந்த விபத்தைப் பற்றி யாரோ சிந்துஜாவின் விற்பனைப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். லைவில் வந்து நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று சிந்துஜா கேட்டாள். ரெண்டே நிமிஷம் லா. அதற்காகத்தான் விஷ்ணுப்ரியா இன்று வந்திருந்தாள். வரும் வழியில் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் மிதிச்சதுதான் தப்பு, ஷூ மேல ஒண்ணுமில்ல.

செருப்பு அடுக்கில், தனக்குத் தந்த அதே ரகத்தில் புது ஷூ ஒரு ஜோடி இருந்தது. அதில் ஒன்றைத் திருப்பினாள். வழவழப்பான அடி. அளவு எண் ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

“வந்துட்டியா? என்னடி, எங்க வீட்டு வாசல்லயே ஷூ திருடுறியா?”

சிந்துஜா கிரில் கதவைத் திறந்தபடி சிரித்தாள். பிறகு விஷ்ணுப்ரியாவின் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“பழசத் தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்ன.”

“அது சும்மா வீட்டுப்பக்கம் போடுறது லா.”

“வீட்டுப்பக்கம் பெடல் இருக்கா?”

சிந்துஜா துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

“அன்னைக்கு எத போட்டிருந்த?”

“வெளிய நின்னு என்ன பேச்சு? உள்ள வா. டீ கலக்கி வச்சிருக்கேன்.”

“சிந்து.”

“மழையில மட்டும்தான் டி கொஞ்சம் வழுக்கும். காஞ்ச ரோட்டுல ஒண்ணும் ஆகாது.”

“யாரு சொன்னா?”

“வாங்குனவங்க ரெண்டு பேரு. திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எப்ப?”

பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. சிந்துஜா அந்தப் பக்கம் பார்த்தாள்.

“உனக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி.”

“அன்னைக்கு மழை பெஞ்சிருந்துச்சு. நான் வேணாம்னு சொன்னேன். வானம் தெளிஞ்சிருச்சு, வா டின்னு நீதான் கூப்பிட்ட.”

“நீ விழுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நீ எத போடணும்னு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சே.”

சிந்துஜா அவளுடைய மாவுக்கட்டைத் தொட வந்தாள். விஷ்ணுப்ரியா கையை இழுத்துக்கொண்டாள்.

“மேல ரூம் முழுக்கப் பெட்டி பெட்டியா கெடக்கு டி. என்ன பண்ணச் சொல்ற? இன்னைக்கு மட்டும் சொல்லிரு. அப்புறம் உன் கால்ல வேணாலும் விழுறேன்.”

“நான் போறேன்.”

“ப்ரியா, கோச்சுக்காத லா.”

விஷ்ணுப்ரியா பழைய ஷூவைச் சுவரின் மேலும், புதியதை அடுக்கிலும் வைத்தாள். கேட்டுக்கு வெளியே நின்று போனில் வாடகைக் கார் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பாட்டு ஒலித்து நின்றது. ஜன்னல் வழியாக சிந்துஜாவின் விற்பனைக் குரல் வந்தது.

“வணக்கம் அக்கா, வணக்கம் தங்கச்சி, எல்லாரும் சாப்பிட்டீங்களா? ஆங், கேள்வி வந்திருக்கு. விழுந்தவங்க எப்படி இருக்காங்கன்னு. அய்யோ, அது என் பிரெண்டு தாங்க. பள்ளிக்கூடத்துலேருந்து ஒண்ணா திரியிறோம். இன்னைக்கு வரேன்னுதான் சொன்னா, கை வலி, முடியல. ஆனா அவளே சொல்லச் சொன்னா. அவ மிதிச்சதுதான் தப்பாம். ஷூ மேல ஒண்ணுமில்லையாம்.”

காரில் அவள் சொல்லிப் பார்த்த அதே சொற்கள்.

கார் வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

“ஒரு நிமிஷம் அண்ணே.”

சுவரிலிருந்து பழைய ஷூ ஒன்று, அடுக்கிலிருந்து புதியது ஒன்று. இரண்டையும் ஒரே கையில் கோத்துப் பிடித்தாள். கிரில் பூட்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குள் அவள் செருப்போடு போனதே இல்லை. இன்று கழற்றவில்லை.

கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிந்துஜா நிமிர்ந்தாள். அவள் வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. கண் தரையைப் பார்த்தது.

“ப்ரியா, செருப்பு...”

விஷ்ணுப்ரியா இரண்டு ஷூவையும் போனுக்கு முன்னால், மேசையின் மேல் வைத்தாள். கவிழ்த்து வைத்தாள்.