மிஸ்டர் ஆல்பனின் இரண்டு நிமிடம்

“கடிகாரத்தைக் காட்டுங்க, மிஸ்டர் ஆல்பன்.”

அணியில் சேர்ந்த அன்றே காப்டன் டெல்சினா எனக்குச் சொல்லிவைத்தது ஒன்றுதான்: அவரிடம் கடிகாரம் மட்டும் கேட்காதே. ஜாதிக்காய்க் கொட்டகையில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் மேற்பார்வையாளர். எங்கள் மைதானத்தில் வலைப்பந்து என்றால் நேரம் பார்ப்பவரும் அவரே.

யாராவது அடிபட்டு விழுந்தால் இரண்டு நிமிடம் ஆட்டம் நிற்கும். அதுதான் விதி. சற்றுமுன் வங்கி அணிப் பெண் ஒருத்தி கணுக்கால் பிசகி விழுந்தாள். நான் மனதுக்குள் நொடிகளை எண்ணினேன். தொண்ணூறு வருவதற்குள் மணி அடித்துவிட்டார். இப்போது எங்கள் ஒலீதா விழுந்திருக்கிறாள். இருநூறு தாண்டிவிட்டது.

டெல்சினா என் கையைக் கிள்ளினாள். “பைனல் மேட்ச்டி இது. ஒரு கோல்தான் முன்னாடி இருக்கோம். எல்லாருக்கும் மூச்சு வாங்குது. வாயை மூடு.”

“அந்தப் பொண்ணுக்குக் கால் வீங்கிப்போச்சு. ஒலீதாவுக்கு என்ன வீங்கிச்சு?”

“வயிறு,” என்றாள் ஒலீதா, ஆரஞ்சுத் துண்டை உறிஞ்சிக்கொண்டே. எங்கள் அணியினர் சிரித்தார்கள்.

ஆல்பன் கோபப்படவில்லை. “படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பேசு. அவங்க ஏசியில உக்காந்துட்டு வர்றாங்க. உங்கம்மா காலைலேருந்து நின்னுக்கிட்டே காய் பொறுக்கியிருக்கா. ரெண்டு நிமிஷம் ரெண்டு பேருக்கும் ஒண்ணாம்மா?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் சலிப்பாக இருந்தது. அம்மாவின் கால்கள் வீங்க வீங்கத்தான் நான் பட்டம் வாங்கினேன்.

“அப்போ கொட்டகையில அவளுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. அங்க பத்து நிமிஷ ஓய்வுக்கு ஒன்பதரை நிமிஷத்துலேயே மணி அடிக்கிறீங்களே, அதுவும் இதே கடிகாரம்தானே?”

கோட்டோரம் நின்றிருந்த அம்மா தரையைப் பார்த்தாள். ஆல்பன் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வங்கி அணிக் காப்டன் அலுப்போடு கையசைத்தாள். “விடும்மா. எங்க மைதானத்துல எங்க ஆளும் இதையேதான் பண்றான். மணி அடிக்கச் சொல்லு, வீட்டுக்குப் போகணும்.”

“ஆடுறியா, போறியா?” என்றார் ஆல்பன். கொட்டகையில் கேட்கிற அதே குரல்.

கடிகாரம் கேட்பதற்கு முன்பே, போய்விடுவது என்று எனக்குள் முடிவாகியிருந்தது. ஆடும் இடத்தைக் குறிக்க மார்பில் கட்டியிருந்த எழுத்துத் துணியைக் கழற்றி டெல்சினாவிடம் நீட்டினேன்.

“பாவி, ஆறு பேரா எப்படிடி ஆடுறது?”

“தெரியல.”

அம்மாவின் பக்கம் திரும்பினால் கால் நின்றுவிடும் என்று தெரியும். திரும்பாமல் கோட்டைத் தாண்டிச் சாலைக்கு நடந்தேன்.