ஆவியின் குரலுக்கு மூன்று நட்சத்திரம்

"கதைக்கு ஐந்து நட்சத்திரம். வாசித்தவருக்கு ஒரு ஜலதோஷ மாத்திரை" என்று எழுதியிருந்தார் ஒரு புண்ணியவான். இன்னொருவருக்கு ஏழாம் அத்தியாயத்தில் நான் எச்சில் விழுங்கியது கேட்டதாம். கேட்கட்டுமே, மனிதன் என்றால் விழுங்கத்தானே செய்வான்? பெண் உளவாளிக்கு நான் கொடுத்த குரல் தன் மாமியாரை ஞாபகப்படுத்துவதாகவும், அதனால் துப்பாக்கிச் சண்டையில் தான் எதிரி பக்கம் சேர்ந்துவிட்டதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பதினோரு வருடமாக ஒலிப்புத்தகம் வாசிக்கிறேன். நேயர்கள் எழுதுவதைப் படிக்கவே கூடாது என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் முடிவு செய்வேன். புத்தகம் வெளியான இரண்டாம் நாள் காலையில் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்து படிப்பேன்.

இந்தத் தடவை எல்லோரும் பேசியது ஆவியைப் பற்றித்தான். கதையின் நாயகன் ஓர் உளவாளி. அவனுடைய மேலதிகாரி குண்டடிபட்டுச் செத்துப்போகிறார். செத்த பிறகும் அவன் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக வழி சொல்லிக்கொண்டே இருக்கிறார். இடது பக்கம் திரும்பு, நில், பின்னால் ஆள் வருகிறான். பதினான்கு மணி நேரக் கதையில் முக்கால்வாசி இதுதான். பொதுவாக ஆவி என்றால் தொண்டையைக் கரகரப்பாக்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசுவோம். நானும் முதல் நாள் ரெக்கார்டிங்கில் அப்படித்தான் ஆரம்பித்தேன். அரைப் பக்கத்திலேயே எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவனுக்கு வழி சொல்கிறவர் எப்படிப் பேசுவார் என்று கண்ணை மூடி யோசித்தேன். வாயைத் திறந்தால் என் அண்ணன் பேசினார்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தாறு வருடமாக, கை நடுங்கும் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே வண்டியை ஓட வைத்தவர். அதட்டமாட்டார், ஆனால் அந்தக் குரலை மீறவும் முடியாது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. ஆறு வருடத்துக்கு முன், அவர் மகள் பட்டம் வாங்கியதற்கு வைத்த விருந்தில், யாரோ கேட்டார்கள் என்று அண்ணனைப்போல் பேசிக் காட்டினேன். அவரிடம் படித்தவர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சி வண்டி ஒருமுறை சுவரில் மோதியபோது, வேலை போய்விடக் கூடாதே என்று முதலாளி முன்னால் குரல் உடைந்து கெஞ்சியதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதையும் செய்து காட்டினேன். அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்குத் தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அண்ணியிடம் பழப்பையைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். பேச முடியாமல் படுத்திருப்பவர் முன்னால் நின்று நான் எந்த வாயால் பேசுவது? அப்படி ஓடி வந்தவன்தான், நாலு மாதம் கழித்து, ஒரு வார்த்தை கேட்காமல் அவர் குரலை எடுத்துச் செத்தவன் ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறேன். வேலை மும்முரத்தில் அது உறைக்கவே இல்லை. "இந்த ஆவி நமக்குத் தெரிந்த யாரோ மாதிரி பேசுகிறது" என்று ஒரு பெண் எழுதியதைப் படித்தபோதுதான் உறைத்தது.

போதாததற்கு ஒரு தப்பு வேறு. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆவி "கதவைத் திறக்காதே" என்று சொல்ல வேண்டும். நான் "கதவைத் திறக்காதே, சின்னவனே" என்று வாசித்திருக்கிறேன். புத்தகத்தில் சின்னவனும் கிடையாது, பெரியவனும் கிடையாது. அண்ணன் என்னைக் கூப்பிடும் பேர் அது. அவர் குரலில் வாசிக்கப் போக, அதுவும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒலியைச் சரிபார்த்தவரும் கோட்டைவிட்டுவிட்டார். நேயர்கள் விடுவார்களா? ஆறடி உளவாளி எப்படிச் சின்னவன் ஆனான் என்று ஒரு கூட்டம். இரண்டு பேரும் அண்ணன் தம்பி, இரண்டாம் பாகத்தில் தெரியவரும் என்று இன்னொரு கூட்டம். எழுத்தாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒலிப்புத்தகத்தைத் தயாரிக்கிற அம்மா போன் செய்தார். ஆவி பயமுறுத்தவில்லை என்ற புகாரும் இருப்பதால், ஆவி பேசும் இடங்களையெல்லாம் கரகரப்பாக மறுபடி வாசித்துத் தர முடியுமா, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணன் காதில் விழுவதற்குள் அழித்துவிடலாம்.

அன்று மாலையே புதிதாக நேயர் கருத்து ஒன்று வந்தது. மூன்று நட்சத்திரம். எழுதியவர் பெயர் 'பக்கத்து சீட்'.

"ஆவியின் குரல் பரவாயில்லை. ஆனால் இந்த மாதிரி ஆளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும், கூடாது. நான்காம் அத்தியாயத்தில் கத்துவது தவறு. பன்னிரண்டில் சிரிக்கும் இடமும் சரியில்லை; சிரிப்பதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு வர வேண்டும். மற்றபடி முழுவதும் கேட்டேன்."

இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"பதினாலு மணி நேரமும் கேட்டிருக்காரு. இன்னும் என்ன இங்கயே உக்காந்திருக்கீங்க?"

மறுநாள் காலை போனேன். அண்ணி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பிறகு நடையிலேயே நின்று, உள்ளே கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் குரலைப் பதிஞ்சு வைக்கணும்னு எங்க யாருக்குமே தோணல தம்பி. நீங்க பக்கத்துல இருந்திருந்தா உங்களுக்குத் தோணியிருக்கும்."

அவர் விலகி வழிவிட்டார்.

அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மெல்லிய துணி. இளைத்திருந்தார், சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. மடியில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"கேக்காம எடுத்துட்டேன்ணே. அதுவும் செத்துப்போனவனுக்கு. தப்புதான். எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற குரல்ல வாசிச்சுக் குடுத்துடறேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு பலகையில் எழுதித் திருப்பினார். 'விருந்தில் செய்ததை மன்னிக்கவில்லை.' நான் படித்து முடித்தேனா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையால் துடைத்து மறுபடி எழுதினார். 'இதை அழிக்காதே.'

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதிய வரிகள். 'மெதுவா, அவசரமே இல்ல.' 'கண்ணாடியைப் பாரு.' 'கிளட்ச்சைப் பாதி விடு, பாதிதான்.' 'பஸ்காரன் போகட்டும், நமக்கென்ன.' ஓரத்தில் ஒவ்வொன்றையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற குறிப்பு வேறு. எனக்குப் புரிவதற்குள் பலகை திரும்பியது. 'முதலாளி ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். நீ வாசிப்பதைப் போனில் பதிந்துகொள்கிறேன், தட்டினால் அந்தக் குரல் பேசினால் போதும். திங்கட்கிழமை போகிறேன்.'

அண்ணி வந்து மின்விசிறியை நிறுத்தினார். அண்ணன் போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். தயாரிப்பாளர் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நொடி நினைத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். முதல் வரியை வாசித்தேன். அண்ணன் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். தணித்து வாசித்தேன். உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் தடவை தலையசைத்தார். ஏழெட்டு வரி போனதும் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வரியைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. ஓரத்தில் குறிப்பும் இல்லை.

"பிரேக்" என்றேன்.

போனைப் பிடித்திருந்த கை அசையவில்லை. அண்ணனின் வலது கால் மட்டும் சோபாவுக்குக் கீழே தரையை அழுத்தி, அப்படியே நின்றது.