சிமிர்னாவைக் குறித்த வாக்கியம்

அமெரிக்காவின் சுகர் லேண்டில் வசிக்கும் கிருபாராணி, மறுநாள் சபையில் நடத்தவிருக்கும் வேதபாடத்தைச் சனிக்கிழமைதோறும் சமைத்துக்கொண்டே உரக்கச் சொல்லிப் பார்ப்பார்.

"எபேசு பாழாயிற்று, உண்மையாயிருந்த சிமிர்னா துறைமுகத்தையோ கர்த்தர் இன்றுவரை சேதமின்றிக் காத்தார்!" என்று, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இரு பழைய துருக்கிக் கரை நகரங்களைப் பற்றிய அன்றைய பாடத்தை முடித்தார்.

மகன் ஜெர்ரி முகம் சுளித்தான். அவன் மனைவி எலேனி, சிமிர்னாவில் வாழ்ந்த கிரேக்கக் குடும்பத்தின் வம்சத்தவள்.

"அம்மா, நாளைக்கு எலேனியும் கிளாஸுக்கு வர்றா. 1922-ல சிமிர்னா எரிஞ்சப்ப அவ குடும்பத்துல கொள்ளுப்பாட்டி மட்டுந்தான் தப்பிச்சாங்க. செத்தவங்களுக்கு விசுவாசம் பத்தலையா?"

"நூறு வருஷக் கதைடா! உங்கம்மா பாடத்தை மாத்துனா சபையே இடிஞ்சிரும்" என்று கேலி செய்தார் கணவர் டென்னிஸ்.

கிருபாராணி சிரிக்கவில்லை. முன்னே கடலும் பின்னே தீயுமாகக் கரையில் நின்றவர்களும் ஜெபித்திருப்பார்களே என்ற எண்ணம் அவரைத் தைத்தது. அடுப்பை அணைத்தார்.

"நாளைக்கு அந்த வாக்கியத்தை நான் சொல்லமாட்டேன்" என்றார்.