பாதிப் பாட்டு

கார்க் கதவைத் தோலுரித்துப் போட்டிருந்தான் சவுண்டு. உள்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகை கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கதவின் இரும்பு வயிற்றுக்குள் தலையை விட்டு அவன் எதையோ முனகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்குத் தன் வயிற்றையே யாரோ பிரித்துவிட்டது போல இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். எள்ளளவு திருகுகளோடு காலம் தள்ளுகிறவர். காரிலிருந்து கழன்று தட்டில் குவிந்து கிடந்த திருகுகளைப் பார்க்கப் பார்க்க, இவையெல்லாம் ஒழுங்காகத் திரும்ப உள்ளே போகுமா, இல்லை நாலைந்து மிஞ்சுமா என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, நீங்க போய்க் கடையைப் பாருங்க. இப்படி உக்காந்து முறைச்சுக்கிட்டு இருந்தா எனக்குக் கை நடுங்குது."

"உனக்குக் கைதான்டா நடுங்குது. எனக்கு மொத்த உடம்பும் நடுங்குது."

சவுண்டு அவருடைய மனைவியின் தம்பி. கார்களுக்கு ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாம் பொருத்தும் கடை வைத்திருக்கிறான். அவன் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அந்தப் பெயரை வைத்தவரே கண்ணாடிக்காரர்தான். ஊரில் யார் யார் காரையோ கச்சேரி மேடையாக்கிக் கொடுத்தவனுக்கு அக்காவின் கார் தீராத அவமானமாக இருந்தது. "சொந்த அக்கா கார்ல தகர டப்பா சத்தம். வெளிய தெரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்?" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவான்.

தகர டப்பா என்று அவன் சொன்னதில் பொய்யில்லை. காரைப் பழையதாக வாங்கியபோதே அதன் பிளேயருக்குள் ஒரு சிடி சிக்கியிருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ உருளும், இருமும், சிடி மட்டும் வெளியே வராது. ரேடியோவும் எடுக்காது. ஆக, அந்தச் சிடியில் இருந்த ஏழு பாட்டுகள்தான் அந்தக் காரின் மொத்த சங்கீதமும். யார் பாடியது, எப்போது பாடியது, ஒன்றும் தெரியாது. வேறெங்கும் அவற்றைக் கேட்டதும் இல்லை. ஓர் ஆண்குரல். ஒவ்வொரு பாட்டிலும் அந்த ஆள் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். எப்போது வருவாய், ஏன் பேசவில்லை, என் மேல் கோபமா. கேட்டுவிட்டு நிறுத்துவார். தாளம் மட்டும் டொக் டொக்கென்று போய்க்கொண்டிருக்கும். பதில் வராது. மனுஷன் சளைக்காமல் மறுபடி கேட்பார்.

"ஐயோ பாவம்," என்றாள் மனைவி, கார் வாங்கிய புதிதில் ஒரு சாயங்காலம். "எவ்வளவு நேரமா ஒத்தையா கேட்டுக்கிட்டே இருக்காரு."

மறுநாள் அவளே பதில் சொல்லிவிட்டாள். குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "சரிங்க, சொல்லிடறேங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லக்கூடாத வேலை. சாயங்காலம் அவர் கூட்டிப்போக வரும்போது, பிழிந்து காயப்போட்ட துணி மாதிரிதான் வந்து ஏறுவாள். அன்றைக்கும் அப்படித்தான் ஏறினாள். பாட்டுக்காரர் எப்போது வருவாய் என்று உருகினார். அவள் கண்ணை மூடியபடி, அதே மெட்டில் இழுத்து, "நாளைக்குத்தான் வருவோம், குழாயை மூடி வையுங்க" என்று பாடினாள். ஏன் பேசவில்லை என்று அவர் கேட்டதும், "பேச எங்கே விட்டார், எங்க மேனேஜரு" என்று இன்னும் ஒரு சுருதி மேலே போனாள். கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் கார் கோணிக்கொண்டு ஓரத்துக்கே போய்விட்டது.

அதற்கப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. அன்றன்றைக்கு அவளைத் திட்டியவர்களுக்கெல்லாம் பாட்டிலேயே பதில் கிடைத்தது. சில நாள் வார்த்தையே இருக்காது, வெறும் ராகம்தான். அந்த ஏழு பாட்டுகளிலும் பாட்டுக்காரர் நிறுத்துகிற சந்துகளில் அவளுக்கென்று ஏழு மெட்டுகள் வளர்ந்துவிட்டன. நல்ல குரலா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கொஞ்சம் கரகரப்பு உண்டு. உச்சிக்குப் போகும்போது லேசாகக் கிறீச்சிடும். ஆனால் வீட்டு வாசலில் இறங்கும்போது காலையில் பார்த்த முகம் அவளுக்குத் திரும்பி வந்திருக்கும். அந்த ஒன்றுக்காக அவர் வேண்டுமென்றே நெரிசலான சாலையாகப் பார்த்துப் போவதுண்டு. இதை அவளிடம் சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து இதையெல்லாம் சொல்வது எப்படி என்று வெட்கம்.

சவுண்டின் நச்சரிப்புக்கு அவர் தலையாட்டியதும் அவளுக்காகத்தான். மங்கலாகத் தெரிந்தது பளிச்சென்று தெரியும்போது மனித முகத்தில் வருகிற சிரிப்பைத் தினம் தினம் பார்க்கிறவர் அவர். தெளிவால் யாருக்காவது கெடுதல் வந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. தகர டப்பாவுக்கே இப்படிப் பாடுகிறவள், நல்ல சத்தம் கிடைத்தால் எப்படிப் பாடுவாள் என்று கணக்குப் போட்டார். அந்த ஏழு பாட்டுகளுக்கும் ஒரு கீறல் விழக்கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. சவுண்டு பழைய பிளேயரைப் பிரித்து, பிரசவம் பார்ப்பதுபோல அந்தச் சிடியை வெளியே எடுத்து, பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றினான். கதவுகளுக்குள் அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டினான். புது ஸ்பீக்கர்களையும், பழைய பிளேயர் இருந்த இடத்தில் தொடுதிரை வைத்த புதுப் பிளேயரையும் பொருத்தினான். திருகு ஒன்றும் மிஞ்சவில்லை.

"அக்கா, சீட் பெல்ட்டைப் போட்டுக்க. சத்தத்துல பறந்துடுவே," என்றபடி பின்சீட்டில் ஏறிக்கொண்டான். கண்ணாடிக்காரர் காரை மெதுவாகத் தெருவுக்கு எடுத்தார். புதுத் திரையில் மனைவியே விரலை வைத்தாள்.

பாட்டு எழுந்தது. டொக் டொக் என்று கேட்டுக்கொண்டிருந்த தாளம் இப்போது நெஞ்சுக்குள் இறங்கி நடந்தது. பாட்டுக்காரர் வரிக்கு முன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எப்போது வருவாய் என்று அவர் கேட்டார். மனைவி உற்சாகமாகத் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முன்னால் இன்னொருத்தி பதில் சொன்னாள்.

தேன் போன்ற குரல். பின்னால் வயலின்கள் வேறு. பிசிறில்லாமல், அவசரமில்லாமல், வெகு நளினமாக, இந்தச் சந்து முழுவதும் என்னுடையதுதான் என்பதுபோலப் பாடிக்கொண்டு போனாள். கண்ணாடிக்காரர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"யாருடா இது?"

"அதான் மாமா மேட்டரே!" சவுண்டு இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினான். "பழைய பிளேயருக்குப் பின்னாடி வலது பக்கத்து வயரை எவனோ வெட்டி டேப் சுத்தி வச்சிருக்கான். இந்த ரெக்கார்டிங்ல ஆம்பளைக் குரல் முழுக்க இடது பக்கம், பொம்பளைக் குரல் முழுக்க வலது பக்கம். இத்தனை வருஷமா நீங்க பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கீங்க. எப்படி இருக்கு அக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குடா," என்றாள் அவள். திறந்த வாயை மூடி, கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்றோடு அவள் பாட்டு நின்றது. கேட்டால் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்பாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பெரிய சபையில் முன்வரிசையில் உட்கார்ந்தவள்போல ஏழு பாட்டையும் கேட்பாள். அலுவலகத்தில் வாங்கி வந்த வசவு காரில் இறங்காமல் அவளோடு வீடு வரை வந்து, சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தத்தில் கேட்டது. "நீயும் கூடச் சேர்ந்து பாடேன்," என்று அவர் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்.

"போங்க. அவங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருந்திருக்காங்க. நான் நடுவுல புகுந்து குழாயி, மேனேஜருன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். நினைச்சாலே கூச்சமா இருக்கு."

கண்ணாடிக்காரருக்குத் தாங்கவில்லை. தன் கையாலேயே அவள் வாயைக் கட்டிவிட்டோமே என்று இருந்தது. கடையில் ஒருவர் புதுக்கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "அடடா, இப்பதான் எல்லாம் தெளிவா இருக்கு," என்று மகிழ்ந்தபோது, "தெளிவா இருந்தா மட்டும் போதுமா?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை அவரையே உற்றுப் பார்த்தார். கண்ணாடிக்காரர் அப்போதே கடையைச் சாத்திவிட்டு மச்சானிடம் போய் நின்றார்.

"பழையபடி பண்ணிக் குடுத்துடு."

சவுண்டு முதலில் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தான். "மாமா, ஊரு உலகத்துல யாராவது நல்ல சத்தத்தைக் கெடுக்கச் சொல்லி வருவாங்களா? என் தொழிலுக்கே கேவலம். நான் மாட்டேன். வேணும்னா என்னை வெட்டிப் போடுங்க."

"உங்கக்கா பாட மாட்டேங்கறாடா."

அவன் குரல் அடங்கியது. அக்கா பாடுவாள் என்பதே அவனுக்குத் தெரியாது. காதைச் சொறிந்துகொண்டே எழுந்து வந்து காரின் திரையில் எதையோ தட்டினான். காரின் படம் ஒன்று வந்தது. நடுவில் ஒரு சின்னப் புள்ளி. "இதை இந்த ஓரத்துக்குத் தள்ளினா இடது பக்கம் மட்டும் பாடும். அந்தம்மா காணாமப் போயிடுவாங்க. வயரை எல்லாம் வெட்ட வேண்டாம் மாமா, என் வயிறு எரியும்."

அன்று சாயங்காலம் புள்ளியை இடது ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல அலுவலக வாசலில் போய் நின்றார். மனைவி வந்து ஏறினாள். பேருந்துகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது. பாட்டுக்காரர் எப்போது வருவாய் என்று கேட்டார். பிறகு தாளம் மட்டும் நடந்தது. கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது கேள்விக்கும் இல்லை.

"அவங்க எங்க?" என்றாள்.

"யாரு?"

"அதான், பதில் சொல்வாங்களே."

"இன்னிக்கு லீவு போல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரையைத் தட்டித் தட்டி, அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தும் விட்டாள். சவுண்டுக்கு அக்கா அல்லவா.

"என்னைப் பாட வைக்கிறதுக்கு அவங்க வாயை அடைச்சீங்களா?"

மழுப்ப ஒரு வழியும் தெரியவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. "ஆமா," என்றார். "எனக்கு அந்தம்மா பாட்டு வேண்டாம். அவங்க நல்லாப் பாடறாங்க, யாரு இல்லேன்னா? ஆனா எனக்கு நீ பாடணும். நீ பாடறதைக் கேக்கத்தான் தினமும் இந்த நெரிசல்லயே வண்டியைக் கொண்டுவரேன். அந்தப் பக்கம் காலியான ரோடு ஒண்ணு இருக்கு, தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. உதட்டின் ஓரம் துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. விரலைத் திரையில் வைத்துப் புள்ளியை இழுத்தாள். நடுவில் நிறுத்துவாள் என்று பார்த்தார். நிறுத்தவில்லை. ஒரேயடியாக வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பாட்டுக்காரர் பாதி வார்த்தையில் மறைந்தார். வயலின்கள் எழுந்தன. யாருமே கேட்காத ஒரு கேள்விக்கு அந்தப் பெண் வெகு பொறுப்பாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். இப்போது சந்து விழுந்தது ஆணின் இடத்தில்.

"ம், கேளுங்க," என்றாள் மனைவி.

"நானா? எனக்குப் பாட வராதேம்மா."

"எனக்கு மட்டும் வந்துச்சா?"

கேள்விகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் பள்ளிக்கூடத்தில் பாட எழுப்பியபோதுகூட வாயைத் திறக்காத மனுஷன். தொண்டையைக் கனைத்தார். பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று, எந்தச் சுருதியிலும் சேராத குரலில், என் மேல் கோபமா என்று இழுத்தார். குரல் பாதியில் உடைந்து, பக்கவாட்டில் எங்கோ போய் விழுந்தது.

அந்தப் பெண் அதற்கும் தேனாகப் பதிலை எடுத்தாள். இரண்டு சொல் போயிருக்கும்.

"இந்தாங்க, கொஞ்சம் நில்லுங்க," என்று மனைவி ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "என் வீட்டுக்காரரு கேட்டா நான் இல்ல பதில் சொல்லணும்!"

சொல்லிவிட்டு, அந்தக் குரலுக்கு மேலேயே ஏறிப் பாடினாள். கோபம்தான், கோபம்தான், கேட்காமல் கதவைப் பிரித்தீரே என்று ஆரம்பித்து, நடுவில் சிரிப்பு வந்து, அப்படியும் விடாமல் உச்சிக்குப் போனாள். உச்சியில் கிறீச்சிட்டது. ஸ்பீக்கர்க்காரியும் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பெண்களும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே ஆளுக்குப் பதில் சொன்னார்கள். கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் நீர் கட்டி, முன்னால் நின்ற வண்டிகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் கலங்கி ஒன்றாகத் தெரிந்தன. சந்தோஷத்தில் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் வரிசையாக ஹார்ன் அடித்தார்கள். அவர் இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பதில் முடியும் இடத்துக்காகக் காத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்கு மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்.