இன்னொரு தரம் கேளுங்க

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த மதுப்புட்டிகள் மணப்பெண் பொக்குவாவின் அப்பா காலடியில் நின்றன. வாங்கிக்கொள்ளலாமா என்று பெண்ணை மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் அவள் ஆமாம் சொன்னால்தான் கல்யாணம். அவர்கள் ஊரான குமாசியில் மற்ற பெண்களுக்கு அது விளையாட்டு. பொக்குவாவுக்கு அது பரீட்சை.

மாப்பிள்ளை ஒபிரி நல்லவன், சிரிக்கவைப்பவன். ஆனால் அவனை நிஜமாகவே காதலிக்கிறேனா? இந்த ஒரு கேள்வி அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவன் வாசலில் வந்து நின்றால் நெஞ்சு துள்ளியதா என்று கவனிப்பாள். துள்ளினால், நானே துள்ளவைத்தேனோ என்று சந்தேகம். துள்ளாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. வண்டியில் எவனாவது அழகாகத் தெரிந்துவிட்டால் ஓடிப்போய் ஒபிரியிடமே ஒப்பிப்பாள். "நீ என்னை விரும்புற, எனக்குத் தெரியும்" என்று அவன் சொன்னால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு மறுபடி முதலிலிருந்து.

மனநல மருத்துவமனையில் ஆலோசகர் அம்மாள் இது ஓயாமல் சந்தேகப்படவைக்கும் ஒரு நோய் என்றதும் பொக்குவா நிம்மதியில் அழுதுவிட்டாள். காதல் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் போயிருந்தாள்.

"உறுதி வேணும் வேணும்னு கேக்கக் கேக்க அது இன்னும் பெருசாகும். தெரியாமலே இருந்து பழகும்மா" என்றார் அவர். காதல்தானா என்று அவள் கேட்டால் பதில் சொல்லக் கூடாதென்று ஒபிரிக்கும் தங்கை அஃப்ராவுக்கும் கண்டிப்பான உத்தரவு. மாத்திரையும் பழக்கமுமாக மெல்லத் தேறினாள். அப்படித் தேறி வந்தவளை ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, "நிச்சயமா?" என்று கேட்கிறார்கள். நல்ல சடங்கு!

பெண் வீட்டுக்காகப் பேச வந்த அம்மாள் குரலை உயர்த்தினார். "மகளே, இதைக் குடிச்சிட்டா திருப்பித் தர எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. வாங்கிக்கலாமா?"

"ஆமாம்."

கைதட்டல். அந்த ஆமாம் பொய்போல ஒலித்தது. இரண்டாவது மனப்பாடம் போல வந்தது. மூன்றாவதைச் சொல்லும்போது ஒபிரியைப் பார்த்தாள். எதிர்வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்த அவன் யாரோ போலத் தெரிந்தான். ஒன்றுமே தோன்றவில்லை. ஐயோ, ஒன்றுமே இல்லையே!

"இன்னொரு தரம் கேளுங்க" என்றாள்.

பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது. "பாருங்கடி, பொண்ணுக்கு ஆசை அடங்கல!" என்று மாப்பிள்ளையின் அத்தை எழுந்து ஆடினாள். பேச்சுக்கார அம்மாளும் சிரித்துக்கொண்டே நாலாவது தரம் கேட்டார். பொக்குவா ஆமாம் என்றாள். அதுவும் சரியாக விழவில்லை. அடுத்தது சரியாக இருக்கும், அடுத்ததுதான் உண்மையானதாக இருக்கும் என்று உள்ளே அரித்தது. அஃப்ரா மட்டும் சிரிக்கவில்லை. அக்கா ஏன் கேட்கச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும்.

"என் தொண்டை காயுதும்மா, புட்டியும் பக்கத்துலதான் இருக்கு" என்றார் அம்மாள். "அஞ்சாவதும் கேக்கணுமா?"

பொக்குவா வாயைத் திறந்தாள். காதலா இல்லையா, தெரியவில்லை. ஒருவேளை ஊரையே ஏமாற்றுகிறாளோ என்னவோ. அதுவும் தெரியவில்லை.

"வேண்டாம்" என்றாள். "குடிங்க."

அப்பா மூடியைத் திருகினார். ஒபிரியை அழைத்துவந்து அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"நாலாவது தரம் கேக்கச் சொன்னியே," என்று அவன் குனிந்து கிசுகிசுத்தான், "என் உயிரே போயிடுச்சு. இத்தனை பேர் இருக்காங்க, என்னை ஒருத்தராவது ஒரு தடவை கேட்டாங்களா?"

அவள் திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் நெஞ்சையே தோண்டிக்கொண்டிருந்தவளுக்கு, அவன் பக்கமும் பயம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

"கேட்டா என்ன சொல்லுவ?" கேள்வி தானாக வந்துவிட்டது.

ஒபிரி பதில் சொல்ல வாயெடுத்தான். ஆலோசகர் அம்மாளின் உத்தரவு நினைவுக்கு வந்ததோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். வராத பதிலோடு, விரலை மோதிரத்துக்காக நீட்டினாள்.