அடித்தல் திருத்தம்

வாய்முகூர்த்தம் என்று ஒன்று உண்டு என நம்புகிறவள் நான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியும் அந்தப் புத்தி போகவில்லை. இந்த வடக்கத்தி ஊரில், கேம்ப் என்ற பகுதியில் இருக்கும் கருத்தரிப்பு மருத்துவமனையில் இன்று தீராத சிக்கலோடு உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து நாற்காலியில் என் கணவர் ஜெயந்த் இருந்தார். எங்களுக்கு ஐந்து கருக்கள் உருவாகியிருந்தன. இரண்டை வயிற்றில் வைத்து, மூன்றை உறையவைப்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு படிவம். தம்பதியில் ஒருவர் இறந்துவிட்டால் மீதிக் கருக்களை என்ன செய்வது என்று அதில் ஒரு கேள்வி. மூன்று கட்டங்கள்: மற்றவரிடம் கொடுக்கலாம், அழித்துவிடலாம், ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம்.

அவர் ஊருக்கு வெளியே சாகண் என்ற இடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். எந்தக் கட்டத்தையும் காலியாக விட மாட்டார். முதல் கட்டத்தில் டிக் போட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாவப் பத்தி எழுதுவாங்களா? மொதல்ல அத அடிங்க."

"ஃபார்ம்ல கேட்டிருக்காங்க பார்கவி."

"கேப்பாங்க. நீங்க அடிங்க."

சிரித்துக்கொண்டே அடித்தார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். திருத்தினால் கையெழுத்து வேண்டும் என்பது தொழிற்சாலைப் பழக்கம்.

வைத்த இரண்டும் தங்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டோம். போன ஆவணியில் வேலை முடிந்து வரும்போது கசார்வாடியில் ஒரு டேங்கர் லாரி அவரைக் கொண்டுபோய்விட்டது.

மீதி மூன்றையும் எனக்கே வைத்துவிடுங்கள் என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தேன்; அதற்குப் பதில் கேட்கத்தான் வந்தேன். ஆலோசகர் நஸ்ரின் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பழைய படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அக்கா, மனைவிக்குன்னு டிக் போட்டு, அவரே அடிச்சு சைன் பண்ணிருக்காரு. வேணாம்னு சொன்ன மாதிரி ஆகுது. ஆஸ்பத்திரி கமிட்டில மூணு தடவ கேட்டுட்டேன், முடியாதுன்னுட்டாங்க."

"நான்தாம்மா அடிக்கச் சொன்னேன்."

"புரியுதுக்கா. பேப்பர்ல அது இல்லையே."

மிச்சம் இரண்டு கட்டங்கள். ஆராய்ச்சியில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கருவைப் பிரித்து, உள்ளே இருக்கும் செல்களை எடுத்து வளர்ப்பார்கள், நரம்பு நோய்களுக்கு மருந்து தேட உதவும், ஆனால் குழந்தை ஆகாது என்றாள்.

"பிரிக்கறப்ப வலிக்குமா?"

"நரம்பே இன்னும் வரலக்கா. வலிக்காது."

"அந்த செல்லு எத்தன நாள் இருக்கும்?"

"வருஷக்கணக்குல இருக்கலாம். பேரு இருக்காது, நம்பர்தான்."

யாரோ எழுந்து நடக்க என் பிள்ளையைப் பிரிக்க வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. பிள்ளை என்று சொல்லலாமா என்பதே எனக்குத் தெரியவில்லை. கடுகைவிடச் சின்னது. ஆனால் அதில் பாதி அவர். அழிக்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆராய்ச்சிக் கட்டத்தில் டிக் போட்டேன். அழுத்தி இழுத்ததில் கோடு கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது.

"பரவால்லக்கா. அடிச்சிட்டு, பக்கத்துல ஒரு சைன் போட்டு மறுபடி போடுங்க."

"அடிக்க மாட்டேம்மா" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."