ஒரு கேன் தண்ணீர்

தெருக்குழாயின் கைப்பிடியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள் அரங்கா. வெறும் காற்றுதான் சீறியது. ஊர் ஒதுக்கிவைத்த ரோமா இனத்தவரின் குடியிருப்புக்கென்று இருந்தது அந்த ஒரே குழாய். தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று சொல்லி, வெயில் கொளுத்திய இந்த வாரத்தில்தான் நகராட்சி அதை அடைத்தது. காட்டு ஊற்றுக்குப் போன அப்பா, அதுவும் வற்றிக் கிடக்க, வெறும் கேனோடு திரும்பும் வழியில் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. இப்போது வீட்டு மேஜைமேல், நெற்றியில் மண்ணோடு பிணமாகக் கிடக்கிறார். பாதிரியார் வருவதற்குள் கழுவி உடுத்தியாக வேண்டும்.

கேனைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடினாள். வருடா வருடம் அப்பா விறகு வெட்டிக் கொடுத்த வீடு. வீட்டுக்காரி மாக்டா பூச்செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"மாக்டாம்மா, ஒரே ஒரு கேன். அப்பாவைக் கழுவணும்."

"உங்கப்பன் கியூசி செத்துட்டானா?" கையிலிருந்த குழாய் செடியைவிட்டு நகரவில்லை. "பாவம், நல்லா விறகு வெட்டுவான்."

"தண்ணிம்மா..."

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு உன் சாதிசனம் மொத்தமும் என் வாசல்ல நிக்கும். போ, போ."

"பொணத்துக்குத்தானேம்மா கேக்கறேன்!"

மாக்டா முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் எஸ்தர் தெருமுனையில் வந்தாள். ரோமாக்களின் வாழ்க்கையைப் படமெடுக்கவென்று தலைநகர் புடாபெஸ்டிலிருந்து வந்து ஒரு மாதமாகத் தங்கியிருப்பவள். பின்னாலேயே கேமராக்காரர்.

மாக்டாவின் கை தலைமுடியை ஒதுக்கியது.

"அட, வெளியவே நிக்கறியே கண்ணு! கேனைக் குடு." நிரப்பிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "எங்களுக்குள்ள என்னங்க வித்தியாசம்? தாயா புள்ளையா பழகறோம்."

அரங்கா ஏதோ முணுமுணுத்தாள்.

"நீ நன்றி சொன்னது சரியா பதிவாகல அரங்கா," என்றாள் எஸ்தர். "இன்னொரு தடவை சொல்றியா?"

கேனின் பிடியை மாக்டா இன்னும் விடவில்லை.

"ரொம்ப நன்றிங்கம்மா," என்றாள் அரங்கா, உரக்க.

சரிவில் இறங்கும்போது அவளுக்கு மூச்சிரைத்தது. "நீங்க வர்றதுக்கு முன்னாடி அவ என்னை விரட்டிட்டா, அக்கா."

எஸ்தர் கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அது கேமராவுல பதிவாகலையே, அரங்கா."

வீட்டு வாசலில் அவர்களை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள் அரங்கா.

அம்மா துணியை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். கழுத்து. விறகுக் காய்ப்பு ஏறிய கைகள். மூலையில் அரங்காவின் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய், வெடித்த உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

அம்மா துணியைப் பிழிந்தாள். குழந்தையைப் பார்த்தாள். கேனை ஆட்டிப் பார்த்தாள்.

"கால் இன்னும் கழுவலையேம்மா," என்றாள் அரங்கா.

அம்மா கேனின் மூடியை இறுகத் திருகி, குழந்தையின் பக்கம் நகர்த்தினாள். பிறகு, காட்டுப் புழுதி அப்பிய அந்தப் பாதங்களில் வெள்ளைக் காலுறையை மெல்ல மாட்டிவிடத் தொடங்கினாள்.